தொட்டிலிலேயே புரட்சியா?

புதுவை நகரில் அண்மையில் ஒரு மாலை. புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் பிறந்தநாள் விழா. மண்டபம் சிறிது, கூட்டம் பெரிது. மேடையிலே தோழர் ஒருவர் முழங்கினார். ஐந்து வயதுப் பாலகன் சுப்புரத்தினம் திண்ணைப் பள்ளியிலே அமர்ந்திருக்கிறானாம். 'அரி' என்று மணலில் எழுதச் சொல்கிறாராம் ஆசிரியர். 'அந்த அரி எங்கே இருக்கிறான்? காட்டினால் எழுதுகிறேன்' என்கிறானாம் பிள்ளை. ஆசிரியர் வாயடைத்துப் போகிறாராம். பிரம்பு கையிலிருந்து நழுவி விழுகிறதாம். 'பார்த்தீர்களா! தொட்டிலிலேயே புரட்சி! பிறவியிலேயே பகுத்தறிவு!' என்று தோழர் முடித்தபோது எழுந்த கைதட்டல் மண்டபத்தின் கூரையை அதிரவைத்தது.

நாமும் அங்கே இருந்தோம். நாம் கைதட்டவில்லை.

இந்தக் கதையை நாம் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறோம். இரணியன் மகன் பிரகலாதன் பள்ளிக்கூடத்திலே அமர்ந்திருக்கிறான், இரணியன் பெயரைச் சொல்லச் சொல்கிறார் ஆசிரியர், பிள்ளையோ அரியின் பெயரைச் சொல்கிறான், ஆசிரியர் திகைக்கிறார். காலட்சேபக்காரர் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அதே கதையைத்தான் நம் தோழர் தலைகீழாக நிறுத்தி, கறுப்புச் சட்டை மாட்டி, மேடையேற்றியிருக்கிறார். சட்டை மாறிற்று; சரக்கு மாறவில்லை.

மூன்று வயதிலே ஞானப்பால் குடித்துப் பாடிய பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நாம் நகைக்கிறோம். ஐந்து வயதுவரை வாய் பேசாதிருந்து, செந்தூரிலே திடீரென்று வெண்பா பாடத் தொடங்கிய குமரகுருபரரைப் பற்றிக் கேட்டால், 'எழுத்தும் அசையும் சீரும் தளையும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?' என்று வினவுகிறோம். அம்மையின் தாம்பூலத்தை வாயில் வாங்கியதும் கவி மழை பொழிந்த காளமேகத்தைக் கேட்டால், 'வெற்றிலையில் யாப்பிலக்கணம் உண்டோ?' என்று எள்ளுகிறோம். எள்ளுவது சரி, வினவுவது சரி. அதே வினாவை நம் வீட்டுப் புளுகின்மீது தொடுக்க மட்டும் ஏன் நமக்கு நா எழவில்லை? அயலான் சொன்னால் புராணம், நம்மவர் சொன்னால் வரலாறா?

'சிறு மிகைதானே, விழா மேடைதானே, விட்டுவிடுங்கள்' என்பார் உளர். விட்டுவிடத்தான் எண்ணினோம். ஆனால் கூட்டம் கலைந்தபின் வாயிற்படியருகே நடந்த ஒன்று நம்மை விடவில்லை.

இளைஞன் ஒருவன் வந்தான், பதினெட்டு வயதிருக்கும். கைத்தறி நெய்யும் குடும்பம், வீட்டிலே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்று அறிமுகம் செய்துகொண்டான். 'ஐயா, ஒன்று கேட்கலாமா?' என்றான். 'கேள், தம்பி' என்றோம். 'நான் பள்ளியிலே கடவுள் வாழ்த்துப் பாடியவன். ஆயுத பூசையன்று புத்தகத்துக்குச் சந்தனம் பூசி வைத்தவன். சென்ற ஆண்டுதான் பெரியாரைப் படிக்கத் தொடங்கினேன். ஐந்து வயதிலே கேள்வி கேட்டவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்றால், என்னைப்போல் பதினேழு வயது வரையில் ஒன்றும் கேட்காதவன் இதற்குத் தகுதியானவன்தானா?'

தோழர்களே, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது நமக்குச் சினம் வந்தது, அவன்மீது அன்று. படிக்க வந்தவனை, 'நீ பிறவியிலேயே பெற்று வந்தாயா?' என்று கேட்டு வாயிலிலே நிறுத்துவது நாம் அறியாத பழக்கமா? அதற்கு ஒரு பெயர் உண்டு. பிறப்பால் உயர்வு என்று அதைச் சொல்வார்கள். எந்தக் கொடுமையை ஒழிக்க இந்த இயக்கம் தோன்றிற்றோ, அந்தக் கொடுமையைப் 'பிறவிப் பகுத்தறிவு' என்று புதுப்பெயர் சூட்டி நாமே வாயிலில் காவல் நிறுத்தியிருக்கிறோம்!

ஆகவே சொல்கிறோம், உண்மையை உள்ளபடி.

கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாகச் சுப்புரத்தினம் 1891 ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில் பிறந்தார். அன்றைய புதுவை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். ஊரின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால். கடலோரப் பக்கம் வெள்ளையர் நகர், மறுபக்கம் கறுப்பர் நகர் என்று அதற்குப் பெயர். வாய்க்காலுக்கு அப்பால் சமத்துவம் என்று எழுதிவைத்திருந்தார்கள். வாய்க்காலைத் தாண்டி அது நனையாமல் வந்து சேர்ந்ததில்லை. இந்தக் கறுப்பர் நகரின் திண்ணைப் பள்ளியொன்றில் திருப்புளிசாமி ஐயர் என்ற ஆசிரியரிடம் பிள்ளை எழுத்தறிந்தான். பிரெஞ்சுப் பள்ளியிலும் பயின்றான். எனினும் தமிழ்ப் பள்ளியில் பயின்ற காலமே மிகுதி. பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை ஆகிய புலவர்களிடம் இலக்கண இலக்கியம் கேட்டான். பதினாறு வயதில், கலவை சுப்பராய செட்டியார் என்ற செல்வரின் கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நின்ற கலவைக் கல்லூரியில் தமிழ் பயிலச் சேர்ந்தான். இரண்டே ஆண்டில், கல்லூரியின் முதல் மாணவனாகத் தேறி வெளியே வந்தான். 1909இல், பதினெட்டு வயதில், காரைக்காலைச் சார்ந்த நிரவியிலே அரசுப் பள்ளித் தமிழாசிரியன் ஆனான்.

இதிலே கலகம் எங்கே? பிரம்பு எங்கே நழுவிற்று? முதல் மாணவன்! ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடி கற்று, தேர்வு எழுதி, முதலாவதாக நின்று, அரசு வேலை பெற்ற பிள்ளை. சிறு வயதிலேயே பாட்டுக் கட்டித் தோழர்களிடம் பாடிக் காட்டுவான் என்பது உண்மை. அவை கடவுளை மறுத்த பாடல்கள் என்று எவரும் சொன்னதில்லை.

இதோடு நிற்கவில்லை. மேடைத் தோழர்கள் மெல்லச் சொல்லும், பலர் சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறோம். காதைப் பொத்திக்கொள்ள வேண்டியவர்கள் பொத்திக்கொள்ளலாம். 1926இல் கனக. சுப்புரத்தினம் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது.' முருகன்மேல் பாடிய துதி! அப்போது கவிஞருக்கு வயது ஐந்தன்று, பதினைந்தன்று, முப்பத்தைந்து. ஆசிரியப் பணியில் பதினேழு ஆண்டு முடிந்துவிட்டது. குடி அரசு ஏடு ஈரோட்டில் தோன்றி ஓராண்டு ஆகியும், புதுவையின் புலவர் மயிலத்து மயிலைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

இதை மறைப்பானேன்? மறைப்பவர்கள் கவிஞரின் பெருமையைக் காப்பதாக எண்ணுகிறார்கள். நாம் சொல்கிறோம்: அவருடைய பெருமையிலே பாதியைத் திருடி ஒளித்து வைக்கிறார்கள். ஐந்து வயதில் கடவுள் இல்லை என்று சொல்வதில் என்ன அருமை இருக்கிறது? சொல்லிக் கொடுத்தால் கிளியும் சொல்லும். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் நம்பி, உருகி, பாடி, நூலாகவும் அச்சிட்டு, ஊரார் கையிலே கொடுத்துவிட்ட பிறகு, 'நான் பாடியது பிழை' என்று தன் எதிரிலேயே தான் நிமிர்ந்து நிற்கிறானே ஒருவன், அதற்கல்லவா நெஞ்சுரம் வேண்டும்? புலவர் உலகிலே இது எளிதன்று. கோயில் மண்டபம் இருந்தது, கேட்டுத் தலையாட்டும் செல்வர் இருந்தனர், பாடினால் பொன்னாடை இருந்தது. அத்தனையையும் விட்டு, 1928ஐ ஒட்டித் தன்மான இயக்கத்தின் பக்கம் வந்தார். 1930 நவம்பரில் தோன்றிய 'புதுவை முரசு' ஏட்டில் எழுதினார். 1933ஆம் ஆண்டின் இறுதியில் சிங்காரவேலர் தலைமையில் சென்னையிலே நாத்திகர் மாநாடு கூடியபோது, தாம் என்றைக்கும் நாத்திகரே என்று எழுதிக் கையொப்பமிட்டார். அப்போது வயது 42. பிரெஞ்சு அரசின் சம்பளம் வாங்கும் ஆசிரியர் அவர். மனைவி மக்கள் உள்ளவர். இழக்க ஒன்றுமில்லாத இளமைத் துடுக்கில் இட்ட கையெழுத்தன்று அது.

1926 என்ற ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் இறுதியிலேதான் வடக்கே ஒரு பத்தொன்பது வயது இளைஞன், உலகைப் படைத்துக் காக்கும் ஒருவன் இல்லை என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தான். அவன் பகத்சிங். சிறையிலிருந்து எழுதிய கட்டுரையில் அவனே சொல்கிறான்: இலாகூரில் பள்ளி மாணவனாக இருந்தபோது காலை மாலை வழிபாட்டோடு நிற்காமல், காயத்திரி மந்திரத்தை மணிக்கணக்கில் ஓதிய முழுப் பக்தன் தானாம். படித்தான், விவாதித்தான், மாறினான். அந்தக் கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்க, ஈரோட்டிலே வெளியிட்டதற்காகச் சிறை சென்றார்கள் நம் முன்னோர். அந்தச் சிறு நூலைக் கையில் வைத்துக்கொண்டே, 'பிறவியிலேயே பகுத்தறிவு' என்று மேடையில் பேச எப்படி வாய் வருகிறது?

'அப்படியானால் பள்ளிப் பருவத்திலே கலகம் செய்தவரே இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. அவர்களையும் பார்ப்போம், பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும்.

ஈரோட்டுச் சிறுவன் இராமசாமி திண்ணைப் பள்ளிக்குப் போனான். வழியிலே கண்டவர் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது, ஆசிரியர் வீட்டிலே மட்டும் வாங்கிக் குடிக்கலாம் என்பது வீட்டார் கட்டளை. ஆசிரியர் வீட்டிலோ, சிறுவன் தூக்கிக் குடித்து வைத்த ஏனத்தைத் தண்ணீர் தெளித்துக் கழுவி எடுத்துப் போனார்கள். அதைக் கண்டபின்தான் அவன், எந்த வீட்டில் குடிக்கக்கூடாது என்றார்களோ அந்த வீடுகளிலெல்லாம் குடித்தான். காலில் கட்டை பூட்டினார்கள். கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனான். இங்கே பிறவி ஞானம் ஏதும் இல்லை. ஓர் ஏனத்தின்மீது தெளிக்கப்பட்ட தண்ணீர் இருக்கிறது.

திருவாரூர்ச் சிறுவன் கருணாநிதிக்கு முதலிலே இசை கற்பித்தார்கள். இசை கற்கும் இடத்தில் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். சாதி அப்படி ஆணையிட்டது. அதைக் கண்டு கசந்து இசைப் பயிற்சியை உதறினான். பின்னர் உயர்நிலைப் பள்ளியிலே இடம் இல்லை என்றார்கள். இடம் தராவிட்டால் எதிரே இருக்கிற கமலாலயக் குளத்தில் விழுவேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி இடம் பெற்றான். 1938இல், பதினான்கு வயதில், கட்டாய இந்தியை எதிர்த்துக் கொடியேந்திப் பிள்ளைகளை வீதியில் நடத்திச் சென்றான். 'மாணவ நேசன்' என்று கையெழுத்து ஏடு நடத்தினான். பள்ளி இறுதித் தேர்விலே தேறவில்லை! பின்னாளில் எழுத்தாலே நாடு ஆண்ட கலைஞர் அந்தப் பிள்ளை. புதுவைக்கும் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு: 1945இல் இங்கே நடந்த திராவிடர் கழக மாநாட்டுக்கு வந்தபோது கலகக்காரர்கள் அடித்து, செத்தான் என்று எண்ணிச் சாக்கடையோரம் போட்டுச் சென்றார்கள். பெரியார் தம் கையால் மருந்திட்டு, ஈரோட்டுக்கு அழைத்துச் சென்று குடி அரசு அலுவலகத்திலே அமர்த்தினார்.

1943ஆம் ஆண்டின் குடந்தை அரசினர் கல்லூரியையும் நினையுங்கள். பார்ப்பன மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்க்கு வேறொரு பானை. அந்தப் பானையின் வயிற்றிலிருந்துதான் திராவிட மாணவர் கழகம் பிறந்தது.

இவர்களெல்லாம் மாணவப் பருவத்திலேயே எதிர்த்தார்கள். ஏன் எதிர்த்தார்கள்? அவமானம் அவர்களைத் தேடி வந்தது. ஏனமாக, மேலாடையாக, பானையாக வந்தது. கலகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமின்றிக் காரியம் நிகழும் என்று சொல்பவனுக்குத்தான் பக்தன் என்று பெயர். புதுவைப் பிள்ளைக்குப் பள்ளியிலே அப்படியொரு அடி விழுந்ததற்குச் சான்று இல்லை. அவன் ஆசிரியர்கள் அவனுக்குத் தமிழைத் தந்தார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டான். அந்த நன்றிக்குரிய செய்தியை மறைத்து, ஆசிரியரை முட்டாளாக்கி ஒரு கதை கட்டுவது அந்தப் புலவர்களுக்கும் இழைக்கும் கேடு.

நம் இளைஞர் சிலரிடம் இன்னொரு நோயும் பரவி வருகிறது. 'பாடப் புத்தகத்தை வீசியெறிந்தவனே புரட்சிக்காரன்' என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம். பின்னாளிலே மூடத்தனத்தின் முதுகெலும்பை முறித்த அந்தப் பாடல்களின் எதுகை எங்கே செய்யப்பட்டது? அகவலின் நடை, விருத்தத்தின் வீச்சு, கேட்பவன் நெஞ்சில் சம்மட்டியாக விழும் சொல்லடுக்கு எல்லாம் பெரியசாமிப் பிள்ளையின் பாடத்திலே, கலவைக் கல்லூரியின் பெஞ்சிலே, பக்தி நூல்களை வரி வரியாகப் பிரித்துப் படித்ததிலே விளைந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சின் சமய ஆதிக்கத்தைச் சிரித்தே வீழ்த்திய வால்டேர் எங்கே படித்தார்? பாரிசில் ஏசு சபைப் பாதிரிகள் நடத்திய லூயி லெ கிரான் கல்லூரியில், 1704 முதல் 1711 வரை! பாதிரிமார் தந்த இலத்தீனையும் நாவன்மையையும் கொண்டே பாதிரிமாரின் கோட்டையை இடித்தார். ஆனாலும் தமக்குக் கற்பித்த பொரே என்ற ஆசிரியரை இறுதிவரை அன்போடு நினைத்தார். படைக்கலம் எவன் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதா கேள்வி? அதை எவன் கையில் எடுத்தான், எதன்மீது வீசினான் என்பதல்லவா கேள்வி!

ஆனால் பள்ளி தராத ஒன்று இருந்தது. அது வேறு வீதியில் கிடைத்தது.

1908இல் சுப்பிரமணிய பாரதி ஆங்கிலேயரின் பிடிக்குத் தப்பிப் புதுவைக்கு வந்தார். 'இந்தியா' ஏடும் அவர் பின்னே வந்து இங்கிருந்தே வெளியாயிற்று. அதன்பின் ஒருநாள், நண்பர் ஒருவர் வீட்டுத் திருமண விருந்து. உண்டு களித்தபின் பாடச் சொன்னார்கள். இளைஞன் சுப்புரத்தினம் பாரதியின் நாட்டுப் பாடலையே எடுத்துப் பாடினான். பாட்டுக்குரியவர் அதே கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. பாட்டே அறிமுகம் ஆயிற்று. ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் இருந்த பாரதியின் வீடு அவனுக்கு இரண்டாவது கல்லூரி ஆயிற்று. அங்கே அவன் முதலிலே கட்டிய பாட்டும் சக்தியைப் பற்றியதுதான், நாத்திகமன்று. பாரதி அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று முகவரி கொடுத்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார்.

கலவைக் கல்லூரியிலே மொழி செத்தவர்களுடையதாக இருந்தது. பாரதி வீட்டிலே அது மூச்சுவிட்டது. தெருக்காரனும் பாம்பாட்டியும் பேசுகிற தமிழ் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. பண்டிதரின் முதல் மாணவன் அதைக் கண்டு எவ்வளவு திகைத்திருப்பான்! அதுவரை கற்ற கடுந்தமிழை அவிழ்த்துப் போட்டு, எளிய தமிழை உடுத்திக்கொண்டானே, அதுவே அவனுடைய முதல் கலகம். கடவுளை எதிர்த்த கலகமன்று. தான் முதல் பரிசு வாங்கிய தமிழையே எதிர்த்த கலகம். வெளியே ஆங்கிலேயரின் ஒற்றர்கள் காத்துக் கிடந்த வீடு அது. 1911 சூன் 17இல் மணியாச்சியிலே ஆஷ் சுடப்பட்டபின் அந்தக் காவல் இன்னும் இறுகிற்று. அரசு வேலைக்காரன் ஒருவன் அந்த வாயிலில் நுழைவதற்கே துணிவு வேண்டும். இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாமே! இது நடந்த கதை; மேடைக்கும் ஏற்ற கதை. இதை விட்டுவிட்டுப் பிரகலாதனிடம் கடன் வாங்குவானேன்?

அந்த வீட்டிலும் குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுவோம். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞருக்குப் பாரதி பூணூல் அணிவித்தார். சாதி வேலியைத் தாண்டிய செயல், ஐயமில்லை. அந்நாளில் அதைச் செய்ய எத்தனை பேருக்கு நெஞ்சு இருந்தது? ஆயினும் நாம் கேட்போம்: எல்லார் தோளிலும் நூலை ஏற்றுவதா விடுதலை, எல்லார் தோளிலிருந்தும் அதை இறக்குவதா? இந்தக் கேள்விக்குப் பாரதி வீட்டில் விடை கிடைக்கவில்லை. அதற்கு ஈரோட்டிலிருந்து காற்று வீச வேண்டியிருந்தது. 1918இல் பாரதி புதுவையை விட்டுப் போனார், 1921இல் மறைந்தார், அதன்பின்னும் ஏழு ஆண்டு ஆயிற்று மாணவனுக்கு, ஆசானைத் தாண்டி நடக்க. தாண்டியபின்னும் ஆசானின் பெயரைத் தள்ளவில்லை. கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் என்று எத்தனையோ பெயர் வைத்துக்கொண்டார்; நிலைத்தது பாரதிதாசன். ஒரு பார்ப்பனரின் பெயருக்கு அடிமை என்று பொருள்படும் சொல்லைத் தன்மான இயக்கத்தின் பாவலன் சுமக்கலாமா என்று முணுமுணுத்தவர்களுக்காக அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பிறவிப் புரட்சிக்காரன் என்ற அச்சிலே வார்க்க முற்பட்டால் இந்தப் பெயரை எங்கே வைப்பீர்கள்?

அந்த மனிதர் முப்பத்தேழு ஆண்டுகள், 1909 முதல் 1946 வரை, வகுப்பறையிலேயே நின்றார் என்பதை மறவாதீர்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே பாவேந்தர் ஆனார். முதல் கவிதைத் தொகுதி கடலூரிலிருந்து குஞ்சிதம் குருசாமி அம்மையாரின் முயற்சியில் வெளிவந்தபோது ஆண்டு 1938, வயது 47. இன்று பதினெட்டு வயதில் ஒரு கவிதை எழுதி, பத்தொன்பதாவது வயதில் பட்டம் தேடுகிற தோழர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

'1926 நூலைச் சொன்னால் எதிரிகள் பிடித்துக்கொள்வார்களே! உங்கள் கவிஞரும் முருகனைப் பாடியவர்தானே என்பார்களே!' இதுவே நம்மை எதிர்த்துச் சொல்லப்படுகிற பெரிய வாதம். சொல்லட்டுமே! ஆம், பாடினார். பாடி, சிந்தித்து, விட்டார். ஏன் விட்டார் என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தானே நாம் இருக்கிறோம்? முருகனை அறியாமல் மறுத்தவனைக் காட்டிலும், அறிந்து, பாடி, பிறகு மறுத்தவனின் சாட்சியம் வலிமை உடையது என்பது எந்த நீதிமன்றத்துக்கும் தெரியும். நம் கையில் இருக்கிற ஆவணத்தை நாமே புதைத்துவிட்டு, இல்லாத ஆவணத்தை ஏன் புனைய வேண்டும்? புதைத்ததை ஒருநாள் எதிரி தோண்டி எடுத்துக் காட்டும்போது, ஐந்து வயதுக் கதையை நம்பி வளர்ந்த நம் பிள்ளை கூசி நிற்பானே, அந்தப் பழி யாரைச் சாரும்?

மேடைத் தோழரைக் கூட்டம் முடிந்ததும் தனியே கண்டு இதைச் சொன்னோம். 'மக்களுக்கு இப்படிச் சொன்னால்தான் பிடிக்கிறது' என்றார். காலட்சேபக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இளைஞனை அங்கேயே ஓரமாக உட்காரவைத்து, 1926ஐயும் 1933ஐயும் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தான். 'முப்பத்தைந்து வயது வரையிலுமா?' என்றான். 'ஆம், தம்பி' என்றோம். 'அப்படியானால் நான் முந்திக்கொண்டேன்' என்று சொல்லிச் சிரித்தான். பெருமாள் கோயில் வீதியிலே 95ஆம் எண் வீடு, கவிஞர் வாழ்ந்த வீடு, இன்று நினைவகமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. மறுநாள் அங்கே போகப்போவதாகச் சொன்னான்.

தமிழ்நாட்டு அரசு 2025 முதல் கவிஞரின் பிறந்தநாளான ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரை தமிழ் வாரம் என்று அறிவித்திருக்கிறது. மேடைகள் பெருகும், பேச்சாளர் பெருகுவர். அவர்களுக்கு நம் வேண்டுகோள் இது: அடுத்த ஏப்ரலில் மேடை ஏறும்போது, ஒரு கையில் 1926ஆம் ஆண்டுத் துதியமுதையும் மறு கையில் 1938ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுதியையும் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். இரண்டையும் கூட்டத்துக்குக் காட்டுங்கள். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் நடந்ததைச் சொல்லுங்கள். கைதட்டுவதற்கு நாம் முன்வரிசையிலேயே இருப்போம்.